சோற்றைக் கண்டால் வீங்கும் தாடை

தொழிற்சாலை மருத்துவ அறைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அதில் பாதி என் சொந்தப் பெருமை, அதை விட்டுவிடுகிறேன். இன்றைக்குத் தாடை வீக்கம் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காரணம், போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்து, "சிஸ்டர், ஒருத்தருக்குத் தாடைக்குக் கீழ வீங்கியிருக்கு, மாத்திரை குடுத்து அனுப்பிட்டேன், சரிதானே?" என்று கேட்டாள். என்ன மாத்திரை என்று கேட்டேன், டக்கென்று சொன்னாள். எதனால் வீங்கியிருக்கிறது என்று கேட்டேன். அதைப் பார்க்கவில்லை என்றாள்.

அவளை நான் திட்டவில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் நம் அறைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவசரம். வந்தவனை எவ்வளவு சீக்கிரம் மெஷினுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்பதை வைத்துத்தான் மேலே உள்ளவர்கள் நம் சாமர்த்தியத்தை அளப்பார்கள். ஊசி போடுவதை யாரும் பழகிக்கொள்ளலாம். பத்துப் பேர் கதவைத் தட்டும்போது உட்கார்ந்து யோசிப்பதுதான் கஷ்டம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. எங்களுடையது வார்ப்பு ஆலை, இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் இடம். ஒரு நாள் காலை மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் சேஃப்டி ஆபீசர், பின்னால் உலையில் வேலை செய்யும் சாலமன், அவனுக்குத் துணையாக அவன் கூட்டாளி பாஸ்கர்.

சாலமன் ஆரம்பாக்கத்துக்காரன், முப்பதைத் தொடாத வயது. அவன் அப்பா அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்த வீட்டிலிருந்து பேட்ஜ் குத்திக்கொண்டு ஷிப்டுக்கு வந்த முதல் ஆள் இவன்தான். அவனை அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆனால் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் பெண்கள் போடும் மெல்லிய சங்கிலி, சட்டைக் காலருக்கு மேலே மின்னிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், இவன் சங்கிலிய கழட்ட மாட்டேன்றான்" என்றார் சேஃப்டி ஆபீசர். "உலைகிட்ட நகை கூடாதுன்னு இவனுக்குத் தெரியாதா? கேட்டா அம்மா போட்டது, கழட்டக் கூடாதுன்றான். இவனுக்குப் பொன்னுக்கு வீங்கியாம்."

உலைக்கு அருகில் போனால் உடம்பில் இருக்கும் உலோகம் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். அதனால் மோதிரத்தைக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். இன்னொரு பக்கம், பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட்டால் வற்றும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. ஆலையின் விதியும் அம்மாவின் வைத்தியமும் மோதிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்திருந்தன.

"கட்டிக்கப் போற பொண்ணுக்கு வாங்கி வச்ச சங்கிலி சிஸ்டர் இது. மாப்ள முந்திக்கினாரு" என்று பாஸ்கர் சிரித்தான். சாலமன் சிரிக்கவில்லை.

"பொன்னுக்கு வீங்கின்னா அது அம்மைதான், ஆலை முழுக்கப் பரவும், ஊட்டுக்கு அனுப்புங்க. இல்லன்னா சங்கிலிய கழட்டி உலைக்கு அனுப்புங்க. அங்க ஆள் இல்லாம நிக்குது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

சாலமனை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துப் பார்த்தேன். தாடை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. வீக்கமே இல்லை.

"பாத்தீங்களா? ஒண்ணும் இல்ல. சும்மா நாடகம்" என்றார் ஆபீசர்.

அந்த "ஒண்ணும் இல்ல"வைக் கேட்டதும் சாலமன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. வேலைக்கு டிமிக்கி கொடுத்து மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அசடு வழிவார்கள். இவன் பயந்திருந்தான்.

"நேத்து ராத்திரி இம்மாம் பெருசு இருந்துச்சு சிஸ்டர். அம்மா சங்கிலிய போட்டாங்க, கொஞ்ச நேரத்துல வத்திடுச்சு" என்றான்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"வரும், போவும்."

"எப்ப வரும்?"

பாஸ்கர்தான் வாயைத் திறந்தான். "இவன் இப்பல்லாம் சரியா துன்றதே இல்ல சிஸ்டர். நாஷ்டா கட். கேன்டீன்ல பாதி சோத்துல எழுந்து போயிடறான், கன்னத்துல கைய வச்சிக்கினு. கேட்டா எரிஞ்சு உழறான்."

எனக்கு அப்போதே ஒன்று உறைத்தது. பொன்னுக்கு வீங்கி இப்படி விளையாட்டுக் காட்டாது. காதுக்கு முன்னாலும் கீழேயும் வீங்கி, காது மடலைத் தூக்கிக்கொண்டு, காய்ச்சலோடு சில நாள் அங்கேயே குந்தியிருக்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். வேளைக்கு வந்து வேளைக்குப் போகிற மரியாதையெல்லாம் அதற்குக் கிடையாது. இவனுக்குக் காய்ச்சலும் இல்லை. ஆக அம்மை பயம் தீர்ந்தது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. சட்டை அவன் தோளில் தொளதொளவென்று தொங்கியது. வாயைத் திறந்தால் புகையிலை வாடை. புகையிலை போடுகிறவன் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போகிறான், தாடைக்குக் கீழே ஏதோ வருகிறது என்றால், நம் மனம் எங்கே ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பரவாது. ஆனா மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இவன் என்கூடத்தான் இருப்பான். சங்கிலியோட" என்றேன்.

"எதுக்கு?"

"சோறு ஊட்டப் போறேன்."

ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போனை எடுத்து யாரிடமோ "சிஸ்டருக்கு இன்னிக்கு இன்னாவோ ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லட்டும். நம் வேலையில் பைத்தியக்காரி என்று பெயர் வாங்குவது அப்படி ஒன்றும் நஷ்டமில்லை. வீக்கம் இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டு வீக்கம் இல்லை என்று எழுதி அனுப்புவதுதான் நஷ்டம்.

பாஸ்கரையும் அனுப்பிவிட்டேன். கண்ணில் தூசி என்று ஒருவனும் விரல் வெட்டு என்று ஒருவனும் வந்து போனார்கள். சாலமன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். பேச்சுக்கு, கல்யாணம் எப்போது என்று கேட்டேன்.

"தள்ளிப் போட்டிருக்கேன். லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

"லீவு நீ கேக்கவே இல்லையேப்பா."

அவன் தாடையின் வலப்பக்கம் கையை வைத்துக் காட்டினான். "எங்க நைனாவுக்கும் இங்கதான் சிஸ்டர் வந்துச்சு. அவரும் பொகையில போடுவாரு. மொதல்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டனோம். ஒண்ணும் இல்ல, நெறி கட்டிக்கினு இருக்குன்னாரு. நாங்களும் ஒண்ணும் இல்லன்னு சந்தோசமா ஊட்டுக்கு வந்தோம். அடுத்த அறுப்புக்கு நைனா இல்ல."

சங்கிலியை விரலால் தடவிக்கொண்டே தொடர்ந்தான்.

"அம்மாவுக்குத் தெரியாது. பொன்னுக்கு வீங்கின்னு நெனச்சிக்கினு கெடக்காங்க. அப்டியே நெனச்சிக்கட்டும்னு உட்டுட்டேன். சங்கிலிய போட்டப்ப, முழுசா வத்தற வரைக்கும் கழட்ட மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க. அந்தப் பொண்ண நெனச்சாத்தான் பேஜாரா இருக்கு. என்னைக் கட்டிக்கினு அடுத்த வருசமே எங்க அம்மா மாதிரி நிக்கறதுக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுப்பா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாமெல்லாம் நாளுக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் இவன் வீட்டில் அந்த வார்த்தையை நம்பித்தான் அப்பாவைப் பறிகொடுத்திருக்கிறார்கள். அதை இவனிடம் நான் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. என் டிபன் பாக்ஸில் புளிசாதமும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. அவன் முன்னால் தள்ளினேன். வேண்டாம் என்றான். கண்ணில் தூசி எடுக்கும்போது பிடிக்கிற கைக் கண்ணாடியை எடுத்து அவன் முன்னால் நிறுத்தினேன். "துன்னு. ஊறுகாய நல்லா தொட்டுக்கோ. துன்னுக்கினே உன் தாடையப் பாரு."

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். வலது தாடை எலும்புக்குக் கீழே மெல்ல மெல்ல மேடு தட்டியது. மூன்றாவது வாய்க்கு, ஒரு சின்ன எலுமிச்சங்காயை உள்ளே வைத்தது மாதிரி ஆகிவிட்டது. வலியில் கண்ணை மூடிக்கொண்டு, "பாத்தீங்களா" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

நான் எழுந்து நின்றேன். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். கையுறை மாட்டி, நாக்குக்கு அடியில் ஒரு விரலும் தாடைக்கு வெளியே மற்றக் கையுமாக வைத்துத் தடவினேன். நெல் மணி போல ஏதோ கெட்டியாக உருண்டது.

"தம்பி, எச்சில் ஊற வைக்கற சுரப்பி இங்க இருக்கு. அங்கேர்ந்து வாய்க்கு ஒரு சின்னக் குழாய் வருது. அதுல கல் அடைச்சிருக்குன்னு நெனைக்கிறேன். புளிப்பு பட்டா எச்சில் ஊறும். வெளிய வர வழியில்ல, அதான் வீங்குது. கொஞ்ச நேரம் ஆனா கசிஞ்சு வெளிய வந்துடும், வத்திடும்."

அவன் நம்பவில்லை. "என்னை சமாதானம் பண்றதுக்கு சொல்றீங்க."

"உங்க நைனாவுக்கு சோறு துன்னும்போது வீங்கி, அப்புறம் வத்துச்சா?"

அவன் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே யோசித்தான்.

"இல்ல" என்றான்.

"ஒரு நாளாவது வத்துச்சா?"

"இல்ல சிஸ்டர். அது வத்தவே இல்ல. வந்தது வந்ததுதான். கல்லு மாதிரி இருக்கும். மொதல்ல வலிகூட இல்லன்னுவாரு." சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. பிறகு சட்டென்று, "சங்கிலியாலதான் வத்துதுன்னு அம்மா சொல்றாங்களே?" என்றான்.

"கழட்டிப் பாரு."

அம்மாவிடம் செய்த சத்தியம். சங்கிலியின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. கடைசியில் கழற்றி என் மேஜைமேல் வைத்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தேன். கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் தாடையைப் பார்த்தபடி இருந்தான். கேன்டீன் ஆள் டீ கொண்டுவந்து கொடுத்தபோது வீக்கம் வற்றி, தாடை பழையபடி இருந்தது. சங்கிலி மேஜையிலேயே கிடந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். எனக்கும் சந்தோஷம், அவனுக்கும் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. இத்தோடு "கல்லுதான் போ" என்று அனுப்பிவிடலாம் என்று ஆசை வரும். நான் அவனிடம் நேராகவே சொன்னேன். "கல்லுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நீ பொகையில போடறவன், இளைச்சிருக்க, உங்க நைனாவுக்கு வந்திருக்கு. அதனால நான் நெனச்சா பத்தாது. ஸ்கேன் எடுத்துப் பாத்துடணும்." ஆலை டாக்டரிடமும் போனில் பேசினேன். அவரும் அதையே சொன்னார். சாலமன் தலையாட்டிவிட்டு, "நீங்க வருவீங்களா சிஸ்டர்? அம்மா வேணாம்" என்றான்.

கல் ஏன் வந்தது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் உலைக்காரர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. இரும்பை ஊற்றி முடிக்கும்வரை சொட்டுத் தண்ணீர் தொட மாட்டார்கள். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், போனால் அந்த இடத்தில் நிற்க மாற்று ஆள் இல்லை. வியர்வையாக எல்லாம் போய், வாய் காய்ந்து, எச்சில் கெட்டிப்பட்டால் கல் சேர இடம் கிடைக்கும். அன்று சாயங்காலமே சேஃப்டி ஆபீசரைப் பிடித்துக்கொண்டு, மாற்று ஆள் போடும்வரை விடவில்லை. என்னைப் பைத்தியம் என்று சொன்னதற்கு அவர் கொடுத்த அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாடை வீக்கம் எல்லாமே கல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தொண்டைப் புண்ணுக்கும் சளிக்கும் நெறி கட்டும். தொட்டால் வலிக்கும், விரலுக்கு நழுவும், தொண்டை ஆறினால் சில வாரத்தில் தானே அடங்கும். அதற்கு ஓய்வும் தண்ணீரும் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் போதும், எடுத்த எடுப்பில் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். வலியில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சாயங்காலக் காய்ச்சலோடு வாரக்கணக்கில் இருந்தால் காசநோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது முழுசாகக் குணமாகிற நோய், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெட்டியாக, நகராமல், வளர்ந்துகொண்டே போகிற கட்டியையும் ஆறாத வாய்ப்புண்ணையும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சொத்தைப் பல்லாலும் தாடை வீங்கும். அதில் நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கைத் தூக்கினாலோ, வாய் திறக்காவிட்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, மூச்சு இழுத்தாலோ யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். ஆம்புலன்ஸை எடுக்கச் சொல்லுங்கள். அது மூச்சுக்குழாயை அடைக்கிற வீக்கம்.

சாலமனோடு திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்றோம், காத்திருந்தோம், உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அவனுக்காக அவன் சாமியையும் கூப்பிட்டேன். அத்தனை வருஷ அனுபவம், விரலில் அந்தக் கல் உருண்டது இன்னும் நினைவிருக்கிறது, இருந்தும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசு. சுற்றி வளைக்கவில்லை. "கல்லுதான். நல்லா தெரியுது. வாய் வழியாவே எடுத்துடலாம், மரத்துப்போக ஊசி போட்டு. வேற கட்டி எதுவும் இல்ல" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா கன்னத்துக்கு உள்ள, பொகையில அடக்கற இடத்துல, வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. இப்ப கேன்சர் இல்ல. ஆனா விடாம போட்டா ஆகலாம். இன்னியோட நிறுத்தணும், நான் சொல்றப்பல்லாம் வந்து காட்டணும். வருவியா?" என்று கேட்டார்.

"வர்றேன் டாக்டர்" என்றான். வெளியே வந்ததும் என்னிடம், "ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் சிஸ்டர். இன்னா இருக்குன்னு சொன்னாங்க பாரு, அதான் நம்பறேன்" என்றான்.

அடுத்த வாரம் கல்லை எடுத்தார்கள். புகையிலையோடு அவன் பல மாதம் மல்லுக்கட்டி ஒரு வழியாக விட்டான். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டான். பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் கேட்டது.

"மா, கல்யாணத்துக்குத் தேதி பாக்கச் சொல்லு."

"இன்னாடா திடீர்னு? லீவு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கம்மா" என்றான். போனை அணைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் நிறைந்துதான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "பசிக்குது சிஸ்டர்" என்றான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இலை நிறையச் சோறு வாங்கிச் சாம்பாரைக் குழைத்து அடித்தான். இத்தனை நாள் பாதியில் எழுந்து போனதை எல்லாம் சேர்த்துச் சாப்பிடுவது போலிருந்தது. ரசத்துக்கு வந்ததும் தாடை வீங்க ஆரம்பித்தது. வலியில் முகம் சுளித்தான்.

"மெதுவாடா. கல் இன்னும் உள்ளதான் இருக்கு" என்றேன்.

"வீங்குது சிஸ்டர்" என்றான், வாய் நிறையச் சோற்றோடு. "நல்லா வீங்குது." சொல்லிவிட்டு, இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். பரிமாறுகிறவர் வாளியோடு வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுண்ணா" என்றான்.